திம்மராயன் சார் படுத்த கட்டில்

பெரிய மியூசியத்துக்குப் போகிறவர்கள் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கல் தரை, மரத் தரை, மறுபடி கல் தரை. ஓர் அறை முடிந்தது என்று நினைத்தால் அதன் கோடியில் இன்னொரு கதவு இருக்கும். பதினோரு மணிக்கு உள்ளே போனோம்; ஒரு மணிக்கெல்லாம் என் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது.

மேடம், நீங்கள் இந்தக் கம்பெனிக்குப் பெர்சனல் ஆபீசராக வந்து நாலு மாதம்தான் ஆகிறது. 1987 ஜூன் மாதம் ஜெர்மனியில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். அஞ்செட்டியிலிருந்து திம்மராயன் சார் உங்களுக்குப் போட்ட போஸ்ட் கார்டையும் காட்டினீர்கள். 'எனக்கு வேலை வேண்டாம். நஷ்ட ஈடு வேண்டாம். நான் குடித்துவிட்டுத் தூங்கியதாக ஃபைலில் எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிட்டால் போதும்' என்று எழுதியிருக்கிறார். ஒன்பது வருடம் கழித்து ஒரு மனிதர் ஒரே ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்லிக் கேட்கிறார். இவ்வளவு சிறிய கோரிக்கையை நான் இந்த ஃபாக்டரியில் பார்த்ததே இல்லை. அதனால் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முனிலட்சுமி. தளிக்குப் பக்கத்தில் கோஸும் பூவும் போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்ததால் புதுப் பாஷை எனக்குப் பயம் காட்டாது. அன்றைக்கு எனக்கு இருபத்து நாலு வயது. மீட்டர் அசெம்பிளியில் வேலை. தலைமுடியைவிட மெல்லிய சுருள் கம்பியைச் சாமணத்தால் தூக்கி, கடுகு அளவு அச்சில் பொருத்த வேண்டும். மூச்சை வேகமாக விட்டால் கம்பி பறந்துவிடும்.

ஜெர்மன் கம்பெனியின் புது மாடல் மீட்டரை ஓசூரில் செய்ய முடிவாயிற்று. அதைக் கற்றுக்கொண்டு வர மூன்று பேரை அனுப்பினார்கள். நான், சுக்ரா, எங்கள் சூப்பர்வைசர் திம்மராயன் சார். திரும்பி வந்ததும் இருபத்து நாலு பெண்கள் உட்காரப்போகும் புது லைனுக்கு, எங்கள் இருவரில் ஒருத்தி லைன் லீடர்.

சுக்ரா என்னைவிட இரண்டு வயது சின்னவள். தேன்கனிக்கோட்டையில் அவளுடைய அத்தா முனீர் அகமதுக்குப் புளி மண்டி. கல்யாணம் ஆகாத பெண்ணை மூன்று மாதம் வெளிநாட்டுக்கு அனுப்ப அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. திம்மராயன் சார் மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன்.

"எம் பொண்ணாட்டம் பாத்துக்கறேன் பாய்," என்றார் சார். "காலைல ஒருக்கா எண்ணுவேன், சாயங்காலம் ஒருக்கா எண்ணுவேன். கணக்கு கொறையாம கொண்டாந்து விட்டுடறேன்."

"ரெண்டு பேர எண்ணறதுக்கு என்னா சார் இருக்குது?" என்று பாய் சிரித்துவிட்டார். சிரித்ததும் சம்மதித்த மாதிரி ஆகிவிட்டது.

சார் சொன்னபடியே எண்ணினார். டிராம் ஏறும்போது 'ஒண்ணு, ரெண்டு'. இறங்கியதும் 'ஒண்ணு, ரெண்டு'. ரொட்டிக் கடை வாசலில், தபாலாபீஸ் வாசலில், விரலை நீட்டி 'ஒண்ணு, ரெண்டு'. அந்த ஊர்க் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்கும். நாற்பத்தெட்டு வயது, நல்ல உயரம், காது வரை இறங்கிய மங்கி குல்லாய். ஜூன் மாதத்திலும் அந்தக் குல்லாயைக் கழற்ற மாட்டார். சர்க்கரை வியாதி உண்டு. மத்தியானம் ஒரு மாத்திரை, சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். அதற்காக ஒரு துணிப்பையில் பிஸ்கட் பாக்கெட்டுடன் திரிவார்.

மியூசியத்துக்குப் போகச் சொன்னது நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரம்மா. தங்கள் ஜனங்களின் ஆயிரம் வருட வாழ்க்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது, அதைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் தங்களைப் பார்த்ததாகவே அர்த்தமில்லை என்றாள். மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்களுக்குக் கடைசிப் பரீட்சை. பரீட்சைக்கு முந்தின நாள் மனசு லேசாக இருக்கட்டும் என்று சார் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் நேரம் போட்ட போர்டு இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மோன்டாக், கெஷ்லோசன். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

"எங்கூரு சலூன் செவ்வாக்கெழம மூடறாப்பல," என்றார் சார்.

உள்ளே இருந்ததையெல்லாம் எழுதினால் உங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் போதாது. மூக்குக்கூட வெளியே தெரியாத இரும்புச் சட்டைகள் வரிசையாக நின்றன. சார் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத மாட்டிக்கிட்டு அவசரத்துக்கு எப்படிம்மா ஒதுங்குவாங்க?" என்று கவலைப்பட்டார். மரத்தில் செதுக்கிய சாமிகளுக்கு விரல் நகம் வரை இருந்தது. வீணைக்குச் சித்தப்பா பிள்ளைகள் மாதிரி என்னென்னவோ வாத்தியங்கள். உலக உருண்டைகள், அதில் ஒன்றில் நம் நாடு கொழுக்கட்டையை அமுக்கிய மாதிரி இருந்தது. ஓசூரைத் தேட வழியே இல்லை.

சுக்ரா பொம்மை வீடுகள் இருந்த அறையில் நின்றுவிட்டாள். ஆள் உயரத்துக்கு அலமாரி மாதிரி வீடு. ஒவ்வொரு தட்டிலும் ஓர் அறை. சமையல் அறையில் சுண்டுவிரல் நகம் அளவு பித்தளைப் பாத்திரங்கள், அடுக்கடுக்காக. "லச்சுமிக்கா, இந்தக் கரண்டிக்குக் காம்பு எப்படி ஒட்டியிருப்பாங்க? நம்ம சாமணம் மாதிரி ஒண்ணு வெச்சிருந்திருப்பாங்க இல்ல?" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள். சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள். அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது என்று தெரிந்ததால் நானும் சாரும் மட்டும் விவசாயிகள் பகுதிக்குப் போனோம்.

அங்கேதான் சார் சார் ஆனார். அஞ்செட்டி மலைக்காட்டில் ராகியும் அவரையும் விதைத்த வீட்டுப் பிள்ளை அவர். ஒவ்வொரு கலப்பைக்கும் முன்னால் நின்று, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டினார். மாட்டு மணிகளைப் பார்த்ததும் காதருகே கையை வைத்துக் கேட்பது போல் நின்றார். ஒரு நுகத்தடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி, காவலுக்கு நின்ற கிழவரைக் கூப்பிட்டு, தானே குனிந்து மாடாக மாறி, கழுத்தில் எது எங்கே உட்காரும் என்று நடித்துக் காட்டினார். கிழவர் சிரித்துக்கொண்டே சின்ன நோட்டை எடுத்து அதில் சாரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். "அஞ்செட்டின்னு எழுதிட்டாரும்மா," என்று சார் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அதற்கு அப்பால், கிராமங்களிலிருந்து அப்படியே பெயர்த்தெடுத்து வந்து பொருத்திய வீட்டு அறைகள் நாலு இருந்தன. தரை, கூரை, ஜன்னல், அடுப்பு எல்லாம் பழையபடி. நாலும் ஒரே சாயல். பக்கத்தில் கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்தக் கோடிக்கு யாரும் வரவில்லை. மூன்றாவது அறையில் சுவருக்குள் ஓர் அலமாரி. அலமாரிக்குள் கட்டில். குளிர் நாடு, உள்ளே படுத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். கதவில் நீலப் பூ வரைந்து, நடுவே இரண்டு இதய வடிவ ஓட்டை போட்டிருந்தார்கள்.

சாருக்கு நடந்து நடந்து அலுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தலையைச் சாய்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஓசூரில் கேன்டீன் பெஞ்சில் அவர் படுத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். வெளிச்சம் கண்ணில் படாமல் நான் கதவைச் சாத்தினேன். பிறகு அந்த அறையை அடையாளம் தெரியாமல் நான் வேறு அறையில் தேடிவிட்டு, அவர் கிளம்பிவிட்டார் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். இது அன்றைக்கு விசாரணையில் நான் சொன்னது. உங்கள் ஃபைலில் டைப் அடித்து என் கையெழுத்துடன் இருக்கிறது.

அதில் சில திருத்தங்கள் உண்டு.

முதல் திருத்தம். படுக்க வேண்டும் என்று சார் கேட்கவில்லை. அவர் கட்டிலைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பலகை," என்றார். நான்தான், "பத்து நிமிசம் படுங்க சார், யாரு வரப்போறாங்க," என்றேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நியாயமாக இருக்காது. அந்த அறையின் மர பெஞ்சில் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"லச்சுமி, நீ கேட்டா மனசு கஷ்டப்படுவே. வேற யாராவது சொல்லி நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ரிப்போர்ட்டு எழுதிட்டேன். நாளைக்கி டெஸ்ட்டு முடிஞ்சதும் நமக்கு டிரெய்னிங் குடுக்கற அந்த ஜெர்மன் மேடம் கையில குடுக்கணும். லைன் லீடருக்கு சுக்ரா பேர எழுதியிருக்கேன்."

நான் செருப்பைக் கழற்றிக் குதிகால் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"உனக்கு அறிவு இருக்குது, வாய் இருக்குது. இல்லன்னு சொல்லல. ஆனா கம்பிய தொடறப்ப சுக்ரா கை சும்மா நிக்குது பாரு, அது யாருக்கும் வராது. பக்கத்துல ஒருத்திக்குத் தப்பாப் போனா இவளே எழுந்து போய் பொறுமையா சொல்லித் தரா. நீ தப்பு பண்ணவள மொறைக்கறே. உன்ன இன்ஸ்பெக்சனுக்கு எழுதியிருக்கேன். அதுக்கு நீதான் சரி. கோவமா?"

"இல்லீங்க சார்," என்றேன்.

கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்த்தாலும், இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குச் சுக்ராவைப் பற்றித்தான் கவலை வந்தது. மிருதுவான பெண். இருபத்து நாலு பெண்களை அதட்டுவது, ஸ்டோர்ஸ்காரனோடு மல்லுக்கு நிற்பது, மெஷின் நின்றால் மேனேஜரிடம் பதில் சொல்வது எல்லாம் அவளுக்கு ஆகிற காரியமா? ஆறு மாதத்தில் வாடிப் போய்விடுவாள். இது சாருக்குப் புரியவில்லை. நல்லவர்களுக்குச் சில விஷயங்கள் புரிவதில்லை.

அப்போதுதான் கட்டில் நல்ல பலகை என்று பேச்சு வந்தது.

அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு ஏறிப் படுத்தார். "மணி நாலே காலுக்கு எழுப்பிடும்மா. சுக்ரா தனியா இருக்குது."

"சரிங்க சார்."

"பை?"

"நான் வெச்சிருக்கேன் சார்."

இரண்டாவது திருத்தம். கதவைச் சாத்தியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வெளிப்பக்கம் ஒரு மரத்தாழ் இருந்தது. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கட்டை, ஆணியில் சுழலும். அதைக் கிடையாகத் திருப்பினால் இரண்டு கதவையும் பிடித்துக்கொள்ளும். முந்நூறு வருடம் ஆகியும் வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அந்தக் காலத்து வேலை. காற்று வருமா என்று இதய ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தேன், வந்தது. ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். குறட்டை கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். அவருடைய செருப்பை அடுப்புக்குப் பின்னால் தள்ளிவைத்தேன், யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று.

சுக்ரா இன்னும் பொம்மை வீட்டு முன்னால்தான் இருந்தாள். "சார் எங்கக்கா?"

"அவருக்குக் கால் வலின்னு முன்னாடியே ரூமுக்குப் போயிட்டாரு."

"நம்மள எண்ணாமலா?" என்றாள் அவள்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். "நான் எண்ணிக்கறேன்னு சொல்லிட்டேன்," என்றேன். விரலை நீட்டி 'ஒண்ணு, ரெண்டு' என்றதும் சிரித்துவிட்டாள். அவள் அத்தா மாதிரிதான். சிரிக்க வைத்துவிட்டால் போதும்.

டிராமில் வரும்போது, சார் தன் பையில் ரிப்போர்ட்டைப் போட்டு வைத்திருந்த பழுப்புக் கவரை எடுத்து என் பக்கத்து சீட்டில் வைத்தேன். இறங்கும்போது எடுக்க மறந்துவிட்டேன். மறக்க வேண்டும் என்பதை நாலு ஸ்டாப்பாக ஞாபகம் வைத்திருந்தேன்.

அந்த ஊரில் ஜூன் மாதம் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஏழு மணிக்குச் சுக்ரா சாரின் அறைக் கதவைத் தட்டினாள். ஏழேகாலுக்கு மறுபடி தட்டினாள். விடுதிக்காரம்மாவிடம் சொல்லிப் போலீசுக்குப் போன் செய்யலாம் என்றாள்.

"சுக்ரா, யோசிச்சுப் பேசு," என்றேன். "உன்ன பாத்துக்கறேன்னு சத்தியம் பண்ணி வந்த மனுசனையே காணோம்னு உங்கத்தாவுக்குத் தெரிஞ்சா என்னாகும்? ஊருக்குப் போனதும் உன்ன மண்டியில புளி கொட்டை எடுக்க உக்கார வெச்சிடுவாரு. சார் பெரியவரு. எங்கயோ போயிருப்பாரு, வந்துடுவாரு."

அவள் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள். நான் நேரத்தோடு படுத்துவிட்டேன். மறுநாள் பரீட்சை, கண் நன்றாக இருக்க வேண்டும். படுப்பதற்கு முன் பசித்தது. சாரின் பையில் இருந்த பிஸ்கட்டில் நாலு சாப்பிட்டேன். மீதியை மூடி வைத்தேன்.

காலையில் பரீட்சை. ஆளுக்குப் பன்னிரண்டு மீட்டர். என்னுடையதில் பதினொன்று சரி. சுக்ராவின் கண் இரண்டும் செம்பருத்தி. மூன்று மாதமாக ஒரு கம்பியைக்கூட வளைக்காத பெண், அன்றைக்கு ஏழு மீட்டரைக் கெடுத்தாள். எட்டாவதை எடுக்கும்போது சாமணம் தானாக டக்டக் என்று மேஜையில் அடித்துக்கொண்டது. நான் அவள் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தேன். இதை அந்த ஜெர்மன் மேடம் கவனித்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். தலைமைப் பண்பு என்று எழுதினாளாம், பிறகு தெரிந்தது.

மூன்றாவது திருத்தம் இங்கே வருகிறது, நீங்கள் கேட்கும் அந்த வார்த்தை. உங்கள் சூப்பர்வைசர் எங்கே என்று அந்த மேடம் கேட்டாள். என் ஜெர்மன் ரொம்பக் கொஞ்சம். "பீர்," என்றேன். கூடவே "ஒருவேளை" என்பதற்கு அவர்கள் பாஷையில் உள்ள வார்த்தையையும் சொன்னேன். இரண்டு வார்த்தை. ஓசூருக்கு அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஒன்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவேளையை அவர்கள் விட்டதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சார் என்ன ஆனார் என்பதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு மணி வாக்கில் விழித்திருக்கிறார். முதலில் மரியாதையாகத் தட்டியிருக்கிறார். பிறகு தமிழில் கூப்பிட்டார், கன்னடத்தில் கூப்பிட்டார், தெலுங்கில் கூப்பிட்டார். தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை 'நன்றி' என்பது. அதையும் கத்திப் பார்த்திருக்கிறார். காவலாளி சாயந்திரம் எட்டிப் பார்த்தபோது சாத்திய கதவுதான் தெரிந்திருக்கும்; சாத்தியிருப்பதுதானே அங்கே வழக்கம். மறுநாள் மத்தியானம் தரை துடைக்க வந்த ஒரு பெண், முந்நூறு வருடத்துக் கட்டிலுக்குள்ளிருந்து யாரோ பலவீனமாக நன்றி, நன்றி என்று முனகுவதைக் கேட்டு, வாளியை அப்படியே போட்டுவிட்டுத் தெரு வரை ஓடினாளாம். இதைச் சொல்லும்போது சாரே சிரித்தார். அவர் சிரித்ததால்தான் எனக்கும் சிரிப்பு வந்தது.

திறந்தபோது அவருக்கு நாக்குக் குழறியது, கால் நிற்கவில்லை, வேர்த்து ஊற்றியிருந்தது. பார்த்தவர்களுக்குக் குடித்தவர் மாதிரிதான் இருந்திருக்கும். மாத்திரை போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலு நாள் வைத்திருந்தார்கள். தினமும் நானே ரசம் சாதம் கொண்டுபோனேன். சுக்ரா அழுதுகொண்டே இருந்ததால் அவளை அடிக்கடி கூட்டிப் போகவில்லை.

"நாலு ரூமும் ஒண்ணு போலவே இருந்துதுங்க சார். நான் பக்கத்து ரூம தொறந்து பாத்துட்டு நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சிட்டேன்," என்றேன்.

"உம்மேல தப்பில்லம்மா. அந்தக் கட்ட தானா விழுந்திருக்கும்," என்றார். பிறகு, "லீடரு உனக்கே கெடச்சிதாமே. ரிப்போர்ட்டு எங்க போச்சின்னு தெரியல. சரி, நடந்தது நடந்து போச்சு. சுக்ராவ மட்டும் பாத்துக்க," என்றார்.

ஓசூரில் விசாரணை நடந்தது. மியூசியக் கட்டிலில் குடித்துவிட்டுப் படுத்து, கம்பெனி மானத்தை வாங்கியவர் என்று சாரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே எண்ணுகிற வேலைதான். ஆனால் எல்லோரும் 'கட்டில்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் ஆறு மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். விசாரணையில் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். "அது நல்ல புள்ள, அத ஏன் பயமுறுத்தறீங்க," என்றார்.

நாலாவது திருத்தம், கடைசி. ஜெர்மன் ஆஸ்பத்திரி கொடுத்த ஒரு பக்கச் சான்றிதழ் உங்கள் ஃபைலில் இருக்கும். அன்றைக்கு இந்த ஃபாக்டரியில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் நான். மொழிபெயர்க்கச் சொன்னார்கள். தெரிந்தவரைக்கும் எழுதிக் கொடுத்தேன். நடுவில் இரண்டு வரியை விட்டேன். ரத்தத்தில் மது இல்லை என்பது ஒரு வரி. கதவு வெளிப்பக்கம் தாழிடப்பட்டிருந்ததாக மீட்டவர்கள் சொன்னார்கள் என்பது இன்னொரு வரி. புரியாததால் விட்டேன் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். புரிந்தது, மேடம். நன்றாகவே புரிந்தது. பெங்களூரில் ஜெர்மன் சொல்லித்தருகிற இடம் இருக்கிறது. அந்தத் தாளை அங்கே கொடுத்தால் அரை மணியில் படித்துச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் தேடி அலைய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அஞ்செட்டிக்குப் போய் சாரைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ்தான். வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் மனைவி பூவம்மாள் களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடவைத்தாள். அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. எல்லாவற்றையும் அவரே கழற்றிவிட்டாராம். குளிக்கிற இடத்துக்குக் கதவே இல்லை, சாக்குப் படுதா. "யானை வர்ற ஊரு, ராத்திரி கதவ ஒரு கயிறு போட்டாவது கட்டலாம்னா கேக்க மாட்டேங்கறாரு. நீயாவது சொல்லும்மா," என்றாள் பூவம்மாள். நான் சொன்னேன். சார் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், சரி என்றும் இல்லை என்றும் தெரியாதபடி.

ஆகவே மேடம், அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். அவர் குடிப்பதில்லை. நாங்கள் இருந்த மூன்று மாதத்தில் யாரோ பிறந்தநாளுக்கு ஊற்றிக் கொடுத்த பீரைக்கூட, பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தவர். கதவைச் சாத்தியது நான், தாழைத் திருப்பியது நான், பையை எடுத்துப் போனது நான், கவரை விட்டது நான், வார்த்தையைச் சொன்னது நான், வரியை விட்டது நான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுப்பதானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மார்ச் மாத டெலிவரி முடிந்த பிறகு எடுத்தால் லைனுக்கு நல்லது. இப்போது நான் இருக்கும் சூப்பர்வைசர் நாற்காலியில் புது ஆள் வந்து உட்கார்ந்தால் பெண்கள் கொஞ்ச நாள் தடுமாறுவார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது சுக்ராவுக்குத் தெரிய வேண்டாம். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவளுக்குக் கை நிற்கவில்லை. ஊருக்கு வந்தும் சாமணத்தை எடுத்தால் டக்டக் என்று அடித்துக்கொள்ளும். வேறொரு லீடராக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். நான் அனுப்பவில்லை. பேக்கிங் செக்‌ஷனில், அட்டைப் பெட்டி மடிக்கிற வேலையில் போட்டேன். கம்பி இல்லை, அச்சு இல்லை, யாரையும் அதட்ட வேண்டியதில்லை. ரம்ஜான் தவறாமல் என் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவருகிறாள். "நீ இல்லன்னா நான் என்னாயிருப்பேன்க்கா," என்று போன வருடம்கூடச் சொன்னாள்.

அங்கே அவளுக்கு மரத்தடி காற்று வருகிற ஜன்னலோர இடத்தை நான்தான் ஒதுக்கிக் கொடுத்தேன். அதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.